ஓரிலா பேசிய ஒன்பது பேர்

நம் ஒன்பது பேரில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஏழு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு முழங்கால் வலி, எனக்கு இரண்டும். போன தை மாதம் சைக்கிள்கடைக்காரர் மகன் எங்கெங்கோ தேடிப்பிடித்து நம்மை வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாகச் சேர்த்தான். கொஞ்ச நாளாக அந்தக் குழுவில் நீங்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அக்காவப் பாக்கப் போனியே, என்ன சொன்னாக?"

அக்கா ஊரில் இல்லை, மகன் வீட்டோடு எங்கோ போயிருக்கிறாள் என்று எழுதினேன். அது பொய். அக்கா வீட்டில்தான் இருந்தாள். எனக்கு மோர் கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். அவள் பேசியதை இரண்டு வரியில் டைப் அடித்துப் போட எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். படித்து முடித்தபிறகு, எல்லோரும் வேன் பிடித்து அக்காவைப் பார்க்கப் போகலாம் என்ற பேச்சை விட்டுவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குத் தெரியாத கதையா என்று கேட்பீர்கள். தெரியாதுதான். நீங்கள் எங்கள் கொல்லைக் கொட்டகையோடு வந்து கொட்டகையோடு போனவர்கள். நான் அந்த வீட்டுக்குள் இருந்தவள்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கறம்பக்குடிக்கு பஸ்ஸில் போய் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மாசி மாதம் வயசுக்கு வந்தாள். தண்ணீர் ஊற்றினார்கள், தாய்மாமன் தாவணி எடுத்து வந்தார், மைக்செட் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். பதினாறாம் நாள் பந்தல் பிரித்துக்கொண்டிருக்கும்போது அப்பா ஒரே வரி சொன்னார். "பஸ்ல போயிப் படிச்சது போதும்." அவ்வளவுதான். முழுப்பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அக்கா அழவில்லை. புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அழுதிருந்தால் ஆத்தா இரண்டு நாள் சமாதானம் சொல்லியிருக்கும், பிறகு எல்லாம் மறந்திருக்கும். அழாததால் எல்லோரும் அவளுக்கு அதில் வருத்தமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பையில் பள்ளிக்கூடத்து அட்லஸ் ஒன்று இருந்தது. திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை. அட்டை கிழிந்து துணி ஒட்டியது, பிரித்தால் பசை வாசம் அடிக்கும். இலங்கைக்குத் தெற்கே வெறும் கடலாக இருக்கிற இடத்தில் எவளோ பேனா மையைக் கொட்டி வைத்திருந்தாள். நீலக் கடலில் கறுநீலமாக ஒரு கறை. அக்கா பென்சிலால் அந்தக் கறையைச் சுற்றிக் கரை வரைந்தாள். ஆறு வரைந்தாள். இரண்டு துறைமுகம் வைத்தாள். அதற்கு ஓரிலா என்று பேர். அந்த நாட்டில் ஜனங்கள் இருக்க வேண்டுமே, அவர்கள் ஏதாவது பேச வேண்டுமே. அப்படித்தான் அந்தப் பேச்சு பிறந்தது. பிறந்தது பங்குனியில். செத்தது ஆனியில்.

முதல் மாணவி நான்தான். அக்கா காலையில் தலை பின்னிவிடும்போது "நெவி ஸூ?" என்பாள். இருக்கிறாயா என்று அர்த்தம். நான் "நெவி லோ" என்று சொல்ல வேண்டும். இருக்கிறேன். ஓரிலாக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் பேசுவது இதுதானாம். "சாப்ட்டியா, எங்க போறன்னெல்லாம் கேக்க மாட்டாகடி. இருக்கியான்னு கேப்பாக. ஆளு அங்கன இருக்கான்னு தெரிஞ்சாத்தானே மேக்கொண்டு பேச முடியும்?"

ஓரிலாவில் ஏவல் கிடையாது. வா, போ, தண்ணி கொண்டா, அடுப்பைப் பாரு, இப்படி எதையும் சொல்ல வழியே இல்லை. வர மனசிருக்கா, பார்க்க மனசிருக்கா என்றுதான் கேட்கலாம். எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. மாடு கொல்லைக்குள் பூந்தால் எப்படி வெரட்டுவது என்று கேட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஓரிலாவுல மாட்டுக்கும் மனசிருக்கும்டி." காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அவள் காதில் விழுந்ததெல்லாம் ஏவல்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதில் பாதி ஏவல் என்னுடையது.

ஒருநாள் அக்கா சொன்னாள், "நீயும் நானும் மட்டும் பேசிக்கிட்டா அது பொலம்பல். இருவது பேரு பேசுனாத்தான் பாஷை. ஆளு பிடிச்சுட்டு வா." அவளால் வாசல் தாண்ட முடியாது. நான் பத்து வயது, ஊரெல்லாம் சுற்றுகிற கழுதை. அதற்கு வசதியாக அந்த வருஷம் ஆடிப் பட்டத்துக்கு விதைக்கடலை உடைக்க வேண்டியிருந்தது. மூட்டை மூட்டையாகக் கொல்லைக் கொட்டகையில் கிடந்தது. விதைக்கடலையை மிஷினில் போட முடியாது. உள்ளே இருக்கிற செந்தோல் உரிந்தால் முளைக்காது. பிள்ளைகளின் சின்னக் கட்டைவிரல்தான் அதற்குத் தோது. லீவு நாளில் கடலை உடைக்க வந்தால் கடலையும் வெல்லமும் தருவோம் என்று தெருத்தெருவாகச் சொல்லி உங்களைக் கூட்டி வந்தேன். எட்டுப் பேர் வந்தீர்கள். வெல்லத்துக்கு வந்தவர்கள்தான், இல்லை என்று சொல்லாதீர்கள்.

அந்தக் கொட்டகை ஞாபகம் இருக்கிறதா? சாணம் மெழுகின தரை, நடுவில் சாக்கை விரித்து மலையாகக் கடலை, சுற்றி நாம். செம்மண் தூசி மூக்கில் ஏறித் தும்மல். உடைக்கிற சடசடச் சத்தத்தில் நாம் பேசுவது அடுப்படிவரை கேட்காது. அக்கா சுளகை மடியில் வைத்துப் புடைத்துக்கொண்டே பாடம் நடத்துவாள். ஒரு மரக்கால் உடைத்தால் ஒரு வார்த்தை. வருகிறவர்கள் ஆளுக்கொரு முழுக்கடலையை ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் போட வேண்டும், அதுதான் அட்டெண்டன்ஸ். டப்பாவைக் குலுக்கிப் பார்த்தே எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

சேருகிறவர்கள் ஆளுக்கொரு பொருள் கொண்டுவர வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். கையால் பிடிக்கிற பொருள் இல்லை. தமிழில் பேர் இல்லாத ஒன்று. அதற்கு அவள் பேர் வைப்பாள், அது ஓரிலாவில் சேரும். சைக்கிள்கடைக்காரர் மகன், பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் காயும்வரை ஊதிக்கொண்டே காத்திருக்கிற நேரத்தைக் கொண்டுவந்தான். எங்கள் மாமா மகன் கடலை உடைத்து உடைத்துக் கட்டைவிரல் நுனியில் வருகிற வலியைக் கொண்டுவந்தான். அதற்கு கிஷ்லா என்று பேர் வைத்தாள். டீக்கடைக்காரர் மகள் கொண்டுவந்ததுதான் எல்லாவற்றிலும் ஒசத்தி. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகும்போது, யாரும் எழுப்பாமல், நம் ஸ்டாப்பில் தானாக விழிப்பு வருமே, அது. அக்கா சுளகைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்ரு என்று பேர் வைத்தாள். நான் என்ன கொண்டுபோனேன் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. பெரியவர்கள் முன்னால் ஓரிலா பேசக்கூடாது. ஒரு வார்த்தை அவர்கள் காதில் விழுந்தாலும் பேச்சு செத்துவிடும். ஒவ்வொருவரும் அக்கா உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தோம். அந்தச் சத்தியத்தை அவள் விளையாட்டாகத்தான் வாங்கினாள். பிள்ளைகள் ரகசியம் என்றால் பிரியப்படுவார்கள், விட்டுப் போகமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வைகாசி கடைசியில் ஒன்பது பேரும் ஒரு பகல் முழுக்கத் தமிழ் கலக்காமல் பேசினோம். சண்டைகூட ஓரிலாவில் போட்டோம்.

அக்காவை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அந்த ஒரு மாதம்தான். ஆத்தாவும் பூரித்துப் போயிருந்தது. "புள்ளைகள வச்சு எப்புடி வேலை வாங்குறா பாருங்க. போற எடத்துல பொழச்சுக்கிருவா" என்று அப்பாவிடம் சொன்னது. அக்காவின் திட்டம் வேறு. பள்ளிக்கூடம் திறந்ததும் நாம் ஆளுக்கொருவரைச் சேர்த்துவிட வேண்டும். ஒன்பது பதினெட்டாகும். அவளோடு பத்தொன்பது. இன்னும் ஒருவர்தான் குறையும். அந்த ஒருவரை நினைத்து அவள் கவலைப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

இப்போது என் அசிங்கத்தைச் சொல்ல வேண்டும்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று பேச்சு வந்தது. அக்கா டீக்கடைக்காரர் மகளைச் சொன்னாள். முதல் மாணவி நான். ஆள் பிடித்தவள் நான். ராத்திரி அவள் பக்கத்தில் படுக்கிறவள் நான். "அப்ப நானு?" என்று கேட்டேன். "நீ இன்னும் போன வாரத்துப் பாடத்துலயே நிக்கிறடி" என்றாள், எல்லோர் முன்னாலும். நீங்கள் சிரித்தீர்கள். தப்பில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அப்படியே எழுந்து போய்க் கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நாள் கொட்டகைக்குள் போகவில்லை. அந்த இரண்டு நாளில் என்ன பாடம் நடந்தது என்பதும் எனக்குத் தெரியாது.

அந்த இரண்டாம் நாள்தான் ஆத்தா நெல் அள்ளக் குதிருக்குள் கையை விட்டு, அக்கா ஒளித்து வைத்திருந்த நோட்டைக் கண்டுபிடித்தது. நீளக் கட்டுரை நோட்டு, நூறு பக்கம். அக்கா ஓரிலாவுக்கு எழுத்தும் உண்டாக்கியிருந்தாள். சுழியும் கொக்கியுமாக, வரிக்கு வரி அழகாக இருக்கும். ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. அப்பா முதலில் நினைத்தது காதல் கடிதம் என்று. முகம் கறுத்துவிட்டது.

நோட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்த எழுத்து எதுவும் இதில் இல்லை என்றார். கடற்கரைப் பக்கமிருந்து மாதம் ஒருதரம் துணி விற்க வரும் பாய் அன்றைக்கு ஊரில் இருந்தார். அவர், "அரபுல இப்புடிக் கெடையாதுங்கண்ணே. நாங்க வலப்பக்கமிருந்துல்ல எழுதுவோம்" என்றார். டீக்கடைக்காரர் சின்ன வயதில் சிலோனில் இருந்தவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, சிங்களம் இல்லை என்று அடித்துச் சொன்னார். அவர் மகள் அந்த நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கூட வாசிப்பாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ஒன்பது பேர் வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தோம். ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒன்று தெரிந்திருக்கும், பெரியவர்களுக்குத் தெரியாதிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காதல் கடிதம் இல்லை என்றானதும் அப்பாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அப்புறம்தான் பயம் பிடித்தது. அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன இது?"

"பாஷைப்பா. நான் உண்டாக்குனேன்."

"பாஷைய யாரும் உண்டாக்குவாகளா?"

"உண்டாக்குனதுதானப்பா எல்லாம்."

"யாரு கூடப் பேச?"

நம் பெயரைச் சொன்னால் நமக்கு அடி விழும் என்று அக்கா வாயை மூடிக்கொண்டாள். விடிகாலையில் தண்ணீர் இறைக்கும்போது அவள் தனியாக வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்ததை ஆத்தா அப்போதுதான் நினைத்துச் சொன்னது. தீட்டு முடிந்து முதல்முதலாக அவள் தனியே புளியமரத்துப் பக்கம் போனதைப் பெரியம்மா சொன்னார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்று சாயந்திரத்துக்குள் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. நோட்டை அன்றைக்கே நெல் அவிக்கிற அடுப்பில் போட்டார்கள். மை எரிந்தால் ஒரு புளித்த நாற்றம் வரும். எனக்கு இன்னும் அது மூக்கில் இருக்கிறது.

பேயோட்டுகிற கோடாங்கி வந்தது வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில். நீங்கள் அவரைக் கெட்டவராகவே நினைவு வைத்திருக்கிறீர்கள், குழுவில் அப்படித்தான் எழுதுகிறீர்கள். அவர் கெட்டவர் இல்லை. உடுக்கையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அக்காவை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அக்கா முதல்முறையாக வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஆத்தா, மனுசர் பேச்சுன்னா இன்னொரு மனுசருக்குப் புரியணும். ஒரே ஒரு ஆளு புரிஞ்சு பதில் சொல்லட்டும், இது பேயி இல்ல. நான் தச்சணைகூட வாங்காமப் போயிருறேன்" என்றார்.

"கொட்டகையில புள்ளைக இருக்கு, கூப்புடுங்க. எல்லாருக்கும் தெரியும்" என்றாள் அக்கா. அவள் குரலில் அப்போது சிரிப்புகூட இருந்தது.

முற்றத்தில் நம்மை வரிசையாக நிறுத்தினார்கள். கையெல்லாம் செம்மண். சுற்றி ஊரில் பாதி நின்றது. உங்கள் ஆத்தாமார்கள் உங்களுக்குப் பின்னால் நின்றார்கள். என் இரண்டு தோளையும் ஆத்தா பிடித்திருந்தது, விரல் எலும்பில் இறங்கியது. அக்கா முதல் ஆளிடம் வந்து "நெவி ஸூ?" என்றாள். வருகிற எல்லோருக்கும் முதல்நாள் சொல்லிக்கொடுக்கிற வார்த்தை. மறக்கவே முடியாத வார்த்தை. பதில் இல்லை. அடுத்தவனிடம் போனாள். பதில் இல்லை.

நீங்கள் சத்தியத்தைக் காப்பாற்றினீர்கள். பெரியவர்கள் முன்னால் பேசினால் பேச்சு செத்துவிடும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அதை வைத்து நம்மைச் சோதிக்கிறாள் என்றுகூட உங்களில் சிலர் நினைத்ததாக இப்போது எழுதுகிறீர்கள். பதில் சொன்னால் பேய் நம்மையும் பிடித்திருக்கிறது என்பார்களோ என்ற பயம் வேறு. டீக்கடைக்காரர் மகள் உதட்டைத் திறந்தாள். அவள் ஆத்தா பின்னாலிருந்து ஜடையைப் பிடித்து இழுத்தது. உங்கள் யார்மேலும் குற்றமில்லை. இதை உங்களுக்குச் சொல்ல நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அக்கா என்னிடம் கடைசியாக வந்தாள். எட்டுப் பேரும் பேசாததில் அவள் முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது, ஆனால் பயம் இல்லை. நான் இருக்கிறேனே. என் கண்ணைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "நெவி ஸூ?"

எனக்குச் சத்தியமும் நினைவில் இல்லை, பேயும் நினைவில் இல்லை. என் மனதில் ஓடியது ஒன்றுதான். டீக்கடைக்காரர் மகள்தானே ஒசத்தி, அவளிடம் கேளேன். இரண்டாம் தரம் கேட்கட்டும், கெஞ்சட்டும், அப்புறம் சொல்லலாம். சொல்லாமல் விட வேண்டும் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. "நெவி லோ" நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அக்கா இன்னொரு தடவை கேட்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு திரும்பிப் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். கோடாங்கி பெருமூச்சு விட்டுவிட்டு உடுக்கையை எடுத்தார்.

"யாரு நீ? எந்த ஊரு?" என்று கேட்டார்.

"ஓரிலா" என்றாள் அக்கா.

"அது எங்கிட்டு இருக்கு?"

"கடலுக்குள்ள."

கூட்டத்தில் முனகல் எழுந்தது. அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி கடற்கரைப் பக்கம் வாக்கப்பட்டுப் போய்த் தண்ணீரில் விழுந்து செத்திருந்தாள். அவள்தான் என்று பெரியம்மா சொல்ல, ஆத்தா ஓவென்று அழுதது. வேப்பிலை அடி, உடுக்கைச் சத்தம், சாம்பிராணிப் புகை. என் குரல் எழும்பினாலும் அதற்குள் யாருக்கும் கேட்காது. எழும்பவும் இல்லை. உச்சிமுடியை ஒரு கொத்து அறுத்துக்கொண்டுபோய்ப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். இறங்கிவிட்டது என்றார் கோடாங்கி. அக்கா அதற்குப் பிறகு பல நாள் எந்தப் பாஷையிலும் பேசவில்லை. பேசாததால் பேய் போய்விட்டது என்பது ஊருக்கு உறுதியானது.

அட்லஸை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. பால்பவுடர் டப்பாவில் ஆத்தா கடுகு போட்டு வைத்தது. மீதிக் கடலையைக் கூலிக்கு ஆள் வைத்து உடைத்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்து, ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒருநாள், டவுன் பஸ்ஸில் டீக்கடைக்காரர் மகள் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. அன்றைக்கு அக்கா ஏன் இரண்டாம் தரம் கேட்கவில்லை என்று அவளிடம் கேட்டேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியாதா? நீ கோவிச்சுக்கிட்டுக் கெணத்தடியில ஒக்காந்திருந்தப்ப அக்கா சொல்லிக் குடுத்தாங்களே. ஓரிலாவுல ஒரு தடவ கேட்டத மறுபடி கேக்கக் கூடாது. ரெண்டாந்தரம் கேட்டா அது ஏவுறதாயிரும்னு." பிறகு குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் பேச மாட்டேன்னு எங்க ஆத்தா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு" என்றாள். திருவோணம் ரோட்டில் பஸ் குலுங்கிக்கொண்டே போனது. நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். மழைத் தண்ணீர் என்று அவள் நினைத்திருப்பாள்.

பேய் பிடித்த பெண் என்ற பேர் பரவுவதற்குள் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று அப்பா அலைந்தார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? நல்ல இடமெல்லாம் விசாரித்துவிட்டுப் பின்வாங்கியது. கடைசியில் கீரனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பாவைவிட நாலு வயது குறைவு. தையில் கல்யாணம். அக்காவுக்கு அப்போது பதினாறு முடியவில்லை. நல்லபடியாகக் கரை சேர்த்துவிட்டேன் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் மட்டும் படித்தேன். பி.எட். வரை படித்தேன். அக்காவுக்கு நடந்ததைப் பார்த்து, என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்த வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். என் படிப்பு அப்படி வந்தது.

அக்காவை நல்லது கெட்டதில் பார்ப்பேன். பிள்ளை, மாடு, விலைவாசி பேசுவோம். அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவளாக எடுக்கட்டும் என்று நானும், நானாக எடுக்கட்டும் என்று அவளும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் நம் குழு வந்தது. ஒருத்தி விளையாட்டாக "நம்ம பேய் பாஷை யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று எழுதினாள். யாரோ கிஷ்லா என்றார்கள். யாரோ ஆம்ரு என்றார்கள். ஒரே வாரத்தில் நாற்பத்து மூன்று வார்த்தைகள் சேர்ந்துவிட்டன. துபாயிலிருந்து மாமா மகன் காலையில் குட்மார்னிங்குக்குப் பதில் "நெவி ஸூ" போட, ஆறு பேர் "நெவி லோ" போட்டோம். சிரித்தோம். டீக்கடைக்காரர் மகள் தன் பேரனுக்கும் சொல்லிக்கொடுத்துக் குரல் அனுப்பினாள். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு நான் அடுப்பை அணைக்காமலே போய்ப் படுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒரு நம்பிக்கை வந்தது, அதை மறைக்க மாட்டேன். அக்கா இன்னும் இருக்கிறாள், ஏழு பேர் இருக்கிறோம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இருபது என்ன, முப்பதுகூடத் தேறும். இதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் நான் நிம்மதியாகச் சாவேன் என்று நினைத்தேன். வார்த்தைகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கீரனூர் பஸ் ஏறினேன்.

அக்கா வீடு திருச்சி ரோட்டிலிருந்து நடக்கிற தூரம். அத்தான் போய் ஆறு வருஷமாகிறது. மகனும் மருமகளும் திருச்சிக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். பேத்தி மட்டும் உள்ளறையில் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. அக்கா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தாளை எடுத்து நீட்டினேன். கண்ணாடி போட்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

"நெவி லோ, அக்கா."

அவள் எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து தாளை எட்டாக மடித்து என் கையில் வைத்தாள்.

"இதையெல்லாம் இங்க கொண்டாராத. பொம்பளப் புள்ள இருக்கிற வீடு."

"அக்கா, நம்ம ஏழு பேருக்கும் இன்னும் ஞாபகம் இருக்குக்கா. எல்லாரும் பேசுறோம். நீ உண்டாக்குன பாஷை."

"நான் உண்டாக்கலடி. அது என்னையப் பிடிச்சிருந்துச்சு. சாமி புண்ணியத்துல எறங்கிருச்சு."

"பேயெல்லாம் இல்லக்கா. நீதான் அட்லஸ் பாத்து..."

"அப்ப நானும் அப்புடித்தான் சொன்னேன். பிடிச்சிருக்கையில அப்புடித்தான் சொல்ல வைக்கும்." அவள் குரலில் கோபம் இல்லை. ரொம்ப நாள் யோசித்து முடித்தவர்கள் பேசுவது மாதிரி நிதானமாகப் பேசினாள். "இங்க வந்த புதுசுல நெனச்சு நெனச்சுப் பாத்திருக்கேன். நான் சொல்லிக் குடுத்திருந்தா ஒம்போது பேருல ஒருத்தருக்காச்சும் புரிஞ்சிருக்கும்ல? ஒங்க முன்னாடி வந்து ஒவ்வொருத்தரா கேட்டேன். மத்தவுக பயந்துக்கிட்டாகன்னே வையி. நீ என் கூடப் பொறந்தவ. ஒனக்கே புரியல. அப்பத்தான் எனக்கே தெளிஞ்சுச்சு, நான் எதுவும் சொல்லிக் குடுக்கல, அது என்னைய ஏமாத்திருக்குன்னு."

எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் புரிந்தது என்று சொன்னேன். கோபத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன். காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "என் மனசு ஆறட்டும்னு சொல்ற" என்றாள். இல்லை என்றேன். ஓரிலாவில் எனக்குத் தெரிந்த நாலைந்து வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன், அவள் முகம் மாறும் என்று.

மாறியது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. உள்ளறையில் பேத்தியின் சத்தம் நின்றிருந்தது. அவள் காதில் விழக்கூடாது என்று அக்கா நெருங்கி உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அவ்வளவு பிரியமாகக் கேட்டாள்.

"ஒனக்கு இது எத்தன நாளா இருக்கு?"